மண்குடமும் பொன்குடமும்

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் ஊர்ப் பாட்டிமார் சொல்லுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். குடம் ஒன்றே, அது விழுந்து உடைந்த விதமும் ஒன்றே. ஆயினும் உடைத்த கை யாருடையது என்பதைப் பொறுத்து அதன் விலை ஏறுகிறது, இறங்குகிறது. ஒரு வீட்டுக்குள் நடக்கும் இந்தச் சிறு வஞ்சனையைக் கண்டு சிரிக்கத் தெரிந்த நம் முன்னோர், தம்மை அறியாமலே உலக அரசியலின் பெரும் பகுதிக்கு உரை எழுதி வைத்துவிட்டார்கள். நாடுகளும் குடம் உடைக்கின்றன. தாம் உடைத்தது மண் என்கின்றன. பிறர் உடைத்தது பொன் என்கின்றன. ஆனால் பாட்டிமாரைப் போல எளிய மொழியில் அவை பேசுவதில்லை. கொள்கை, கோட்பாடு, நாட்டு நலன், உலக நன்மை என்று பெரிய பெரிய சொற்களை எடுத்து முன்னே வைத்துக்கொண்டு பேசுகின்றன. அந்தச் சொற்களின் ஒலியில் குடம் உடைந்த ஓசை நமக்குக் கேளாமற் போய்விடுகிறது.

இதை விளக்க ஒரு துணியின் கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நம்முடைய சோழமண்டலக் கரையில் பிறந்து, கடல் கடந்து சென்று, அங்கே சீமாட்டிகளின் மனத்தையும் மந்திரிகளின் தூக்கத்தையும் ஒருங்கே கவர்ந்த துணியின் கதை இது. மோஸ்தர் என்பது எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதையும், அரசியலின் நாக்கு எந்த இடத்தில் இரண்டாகப் பிளக்கிறது என்பதையும் ஒரே கதையில் காணலாம்.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து மக்கள் உடுத்தியவை பெரும்பாலும் கம்பளியும் நாரிழைத் துணியும் ஆகும். கம்பளி கனமானது, துவைப்பதற்கு எளிதன்று. வண்ணம் தீட்டிய துணியோ நான்கு முறை தண்ணீரைக் கண்டால் வெளிறிவிடும். நம் நாட்டுச் சீட்டித்துணி அப்படிப்பட்டதன்று. துணியைக் கடுக்காய் நீரில் தோய்த்து, படிகாரம் சேர்த்து, சாயவேரின் சிவப்பை ஏற்றி, அவுரியின் நீலத்தைக் கூட்டி, நம் கைவினைஞர் அமைத்த வண்ணம் துவைக்கத் துவைக்க ஒளிவிட்டது. இழை மெல்லியது, விலையும் பட்டைவிடக் குறைவு. இன்றும் ஆங்கிலத்தில் வழங்கும் சில சொற்கள் இந்த வாணிகத்தின் சாட்சிகளாக நிற்கின்றன. காலிகோ என்பது கோழிக்கோட்டின் பெயரிலிருந்து வந்தது. சிண்ட்ஸ் என்பது வட இந்தியரின் ‘சீண்ட்’ என்ற சொல்லின் திரிபு. நாம் சொல்லும் சீட்டியும் அந்தக் குடும்பத்துச் சொல்லே. 1639-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் நம் கரையில் சென்னைப்பட்டினத்து மணல்மேட்டை வந்தடைந்ததற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, இந்தத் துணியை மலிவாக வாங்கக்கூடிய இடம் அது என்பதுதான்.

முதலில் இத்துணி அங்கே திரைச்சீலையாகவும் மெத்தை உறையாகவும் புகுந்தது. சாமுவேல் பீப்ஸ் என்னும் கடற்படை அலுவலர், தம் நாட்குறிப்பால் புகழ் பெற்றவர், 1663-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தம் மனைவியின் படிப்பறைச் சுவருக்கு அணிவிக்க இந்தியச் சீட்டி வாங்கியதைக் குறித்து வைத்திருக்கிறார். சுவரில் ஏறிய துணி அடுத்து மனிதர் மேலும் ஏறிற்று. ராபின்சன் குரூசோ கதையை எழுதிய டேனியல் டீபோ இந்த மோகத்தைக் கண்டு பெரிதும் சினந்தவர். முன்பு தரையில் விரித்ததும், எளியவர் வீட்டுக் குழந்தைகளுக்கு உடுத்தியதுமான துணி இப்போது சீமாட்டிகளின் தோளிலே ஏறிவிட்டது, படுக்கையறை வரை நுழைந்துவிட்டது என்று அவர் எழுதினார். மோஸ்தரின் இயல்பே அதுதான். இன்னது அழகு என்று அது நமக்கு அறிவிப்பதில்லை. இன்னார் உடுத்தினார் என்று மட்டுமே அறிவிக்கிறது. நேற்றுவரை பணிப்பெண்ணின் மேலிருந்த துணியை அரசி உடுத்தினால், அது இன்று நாகரிகமாகி விடுகிறது. இழையில் எந்த மாறுதலும் நிகழ்வதில்லை. உடுத்தவரின் பெயர் மட்டும் மாறுகிறது.

இந்த மோகத்தால் வயிறு காய்ந்தவர்களும் இருந்தார்கள். லண்டன் நகரின் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியில் பட்டு நெய்வோரும், நாடெங்கும் கம்பளி நெய்வோரும் வேலை இழந்தனர். 1697-ஆம் ஆண்டில் அவர்கள் திரண்டு பார்லிமெண்டின் வாயிலை முற்றுகையிட்டனர். கம்பெனியின் மாளிகையையும் தாக்கினர். அதன் பயனாக 1700-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. வண்ணம் தீட்டிய இந்தியத் துணியை இங்கிலாந்தில் யாரும் உடுத்துவதற்கென்று இனி இறக்குமதி செய்யலாகாது என்றது அச்சட்டம்.

இங்கே சற்று நின்று கவனியுங்கள். இந்தியத் துணியைக் கப்பலில் கொண்டுவரவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. தாராளமாகக் கொண்டுவரலாம், லண்டனில் இறக்கலாம், பண்டகசாலையில் பூட்டி வைக்கலாம், பிறகு வேறு நாட்டாருக்கு விற்கலாம். அவ்வாறு விற்கப்பட்ட துணியில் ஒரு பகுதி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்று, அங்கே மனிதரை அடிமைகளாக வாங்குவதற்கு விலைப்பொருளாயிற்று. இங்கிலாந்துப் பெண் உடுத்தினால் நாட்டுக்குக் கேடு. பிற நாட்டார் உடுத்தினால் நாட்டுக்கு வருவாய். தீயது என்று விலக்கப்பட்ட பொருள் எல்லையைக் கடந்த உடனே நல்லதாகிவிடும் இந்த விந்தையை வரலாற்றில் நீங்கள் பல இடங்களில் காண்பீர்கள். மதுவைப் பற்றியும், ஆயுதங்களைப் பற்றியும், அபினியைப் பற்றியும் இதே கணக்குப் போடப்பட்டிருக்கிறது.

சட்டத்தில் இன்னொரு சந்தும் இருந்தது. வண்ணம் தீட்டிய துணிக்குத்தான் தடை. வெள்ளைத் துணிக்கு இல்லை. ஆகவே லண்டன் வணிகர் இந்தியாவிலிருந்து வெள்ளைத் துணியை வரவழைத்து, அங்கேயே அச்சிட்டு விற்கத் தொடங்கினர். மோகம் தணியவில்லை, இலாபம் கை மாறியது. நெசவாளரின் பசியோ அப்படியே இருந்தது. 1719-ஆம் ஆண்டுக் கோடையில் அவர்கள் தெருவில் இறங்கினர். சீட்டி உடுத்திச் சென்ற பெண்களைத் துரத்தி, ஆடையைக் கிழித்தார்கள். மையையும் அமிலத்தையும் அதன்மேல் ஊற்றினார்கள். துணியை இறக்குமதி செய்து பொருள் ஈட்டிய கம்பெனித் தலைவர்கள் வண்டியில் பத்திரமாகப் போய்வந்தார்கள்; நாலு முழம் வாங்கி உடுத்திய ஏழைப் பெண் தெருவிலே அடிபட்டாள். எல்லா நாட்டிலும் கொள்கைப் போரில் முதலில் காயம்படுவது மிக எளிதாகக் கைக்கு எட்டுகிறவர்தாம்.

1721-ஆம் ஆண்டில் அடுத்த சட்டம் வந்தது. அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதே குற்றம் என்றும், உடுத்தியவர் 5 பவுன் தண்டம் கட்ட வேண்டும் என்றும், அத்தொகை காட்டிக் கொடுத்தவருக்குச் சேரும் என்றும் அது விதித்தது. 1722 கிறிஸ்துமஸ் நாள் முதல் அது நடைமுறைக்கு வந்தது. முழுவதும் நீலச் சாயம் தோய்த்த துணிக்கு விலக்கு இருந்தது. ஒரு நாட்டின் பேரரசு, அந்நாட்டுப் பெண்டிரின் பாவாடையில் பூ இருக்கிறதா என்று குனிந்து பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டது. பிரான்சு இதில் முந்திக்கொண்டிருந்தது. அங்கே 1686 முதல் 1759 வரை எழுபத்து மூன்று ஆண்டுகள் தடை இருந்தது. கள்ளக் கடத்தல் செய்தவர்களுக்குக் கொடிய தண்டனை காத்திருந்தது; அதே வேளையில் உயர்குடிச் சீமாட்டிகள் தடை செய்யப்பட்ட துணியை உடுத்தி உலவினார்கள். சட்டம் அரண்மனை வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றுவிட்டது போலும்!

தடை ஒன்றினால் மோஸ்தர் செத்ததாக வரலாறு இல்லை. உடுத்தாதே என்றதனாலேயே அதன் மதிப்பு உயர்ந்தது. ஆனால் தடையினால் இன்னொரு பயன் விளைந்தது. இந்தியத் துணியைப் போலவே நாமும் செய்தால் என்ன என்ற எண்ணம் இங்கிலாந்தில் வேரூன்றியது. நாரிழைப் பாவும் பருத்தி ஊடையுமாக ஒரு கலப்புத் துணியை நெய்தார்கள். அதற்கு 1736-இல் சட்டம் இடம் கொடுத்தது. பின்னர் இயந்திரங்கள் வந்தன. ஆர்க்ரைட் என்பவர் நீராற்றலால் இயங்கும் நூற்பு இயந்திரத்துக்கு 1769-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய நூலால் பாவும் ஊடையும் பருத்தியாகவே நெய்ய முடிந்தது. உடனே 1774-இல் பழைய தடை நீங்கியது. உள்நாட்டிலே நெய்த பருத்தித் துணியை உடுத்தலாம், அச்சிடலாம் என்று பார்லிமெண்டு சொல்லிற்று. ஐம்பது ஆண்டுகளாக நாட்டைக் கெடுத்து வந்த பூப்போட்ட பருத்தித் துணி, மான்செஸ்டரில் பிறந்த உடனே நாட்டைக் காக்கும் துணியாயிற்று. பொன்குடம் மண்குடமான அந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதும் இந்தியத் துணியின்மேல் வரி இருந்தது. அது வளர்ந்துகொண்டே போயிற்று. எச். எச். வில்சன் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியரே இதனைக் கூசாமல் எழுதியிருக்கிறார். நூற்றுக்கு எழுபது, எண்பது வீதம் வரி விதித்து இந்தியத் துணியைத் தடுத்திராவிட்டால் மான்செஸ்டரின் ஆலைகள் தொடக்கத்திலேயே நின்று போயிருக்கும் என்பது அவர் கருத்து. தம் நாட்டார் செய்ததைத் தம் நாட்டாரிடமே எடுத்துச் சொன்ன அந்த நேர்மையை நாம் மதிக்க வேண்டும்.

இனி வருவதுதான் நம் கதையின் நடுப்பகுதி. ஆலைகள் பெருகி, இங்கிலாந்தின் துணி உலகெங்கும் மலிந்தபோது, மான்செஸ்டர் நகரம் ஒரு புதிய வேதத்தைக் கண்டறிந்தது. அதன் பெயர் தடையில்லா வாணிகம். அதற்கென்று அந்நகரில் ஒரு பெரிய மண்டபமே கட்டினார்கள். காப்டன், பிரைட் முதலிய நாவலர்கள் அதனைப் பரப்பினார்கள். 1846-இல் தானியங்களின் மேலிருந்த காப்பு வரியை நீக்கவும் செய்தார்கள். அந்த இயக்கத்தால் இங்கிலாந்தின் ஏழைக்கு ரொட்டி மலிவாகக் கிடைத்தது என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வேதத்தை இந்தியாவுக்குக் கொண்டு வந்தபோது அதற்கு வேறு பொருள் உண்டாயிற்று.

1850-களில் பம்பாயில் நம்மவர் பருத்தி ஆலைகளை நிறுவத் தொடங்கினர். இந்திய அரசாங்கம் வருவாய்க்காக இறக்குமதித் துணிமேல் ஒரு சிறு வரி வைத்திருந்தது. அந்தச் சிறு வரியும் தடையில்லா வாணிகம் என்னும் புனிதக் கொள்கைக்கு மாறானது என்று லங்காஷயர் ஆலை முதலாளிகள் குரல் எழுப்பினர். 1879-இல் வைசிராய் லிட்டன் பிரபு தம் சபையில் பெரும்பான்மையோர் மறுத்தும் கேளாமல் முரட்டுத் துணிமேலிருந்த வரியை நீக்கினார். 1882-இல் மிச்சமும் போயிற்று. பிறகு கருவூலம் வறண்டதால் 1894-இல் வரியை மீண்டும் போட நேர்ந்தது. 1896-இல் அது நூற்றுக்கு 3½ வீதம் என்று அமைந்தது. இறக்குமதித் துணிக்கு 3½ என்றால், போட்டி சமமாக இருக்க வேண்டாமா? ஆகவே இந்திய ஆலைகளில் நெய்த துணிக்கும் அதே 3½ வீதம் உள்நாட்டு வரி விதித்தார்கள். தன் வீட்டில் சமைத்த சோற்றுக்கும் சாப்பாட்டுக் கடைக்காரனுக்குக் காசு கட்டு என்றாற்போல இருந்தது இந்த ஏற்பாடு. இந்த வரி 1925-ஆம் ஆண்டின் இறுதிவரை நீடித்தது. எழுபது, எண்பது வீதம் வரி போட்டு வளர்ந்தவர்கள் மூன்றரை வீதத்தைக் கண்டு அறநெறி பேசினார்கள்.

நண்பர்களே, இந்த இடத்தில் கைதட்டி மகிழ்ந்துவிட்டு எழுந்து போவது எளிது. பிறர் முகத்தில் கரி இருப்பதைக் காட்டினால் எந்தக் கூட்டத்திலும் கைதட்டல் கிடைக்கும். ஆனால் படித்தவனுக்கு அடையாளம், தனக்குப் பிடித்த முடிவையும் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது. ஆகவே ஒரு கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இந்தியா விடுதலை பெற்றபின் நாம் என்ன செய்தோம்? அயல்நாட்டுத் துணியையும் பிற பண்டங்களையும் பல ஆண்டுகள் தடுத்து வைத்திருந்தோம். அளவுக் கட்டுப்பாடுகளின் கடைசிப் பகுதி 2001 ஏப்ரல் முதல் நாளில்தான் நீங்கியது. அவர்கள் செய்தால் குற்றம், நாம் செய்தால் கொள்கை என்று சொன்னால், நம் கையிலும் ஒரு குடம் உடைந்து கிடக்கிறது என்றுதானே பொருள்?

இதற்கு நேரான விடை உண்டு. தன் தொழிலைக் காத்துக்கொள்ள வரி போடுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. பசித்த ஸ்பிட்டல்பீல்ட்ஸ் நெசவாளன் பாதுகாப்புக் கேட்டதும், பின்னாளில் நம் நாட்டு நெசவாளன் கேட்டதும் ஒரே நியாயந்தான். அந்தப் பாதுகாப்பு அவனுக்கு நன்மை செய்ததா, அவன் பெயரைச் சொல்லி வேறொருவர் கொழுத்தாரா என்பது தனியே ஆராய வேண்டிய செய்தி. பிழை எங்கே நுழைகிறது? நான் செய்தது எனக்கு உரிமை, அதையே நீ செய்தால் பாவம் என்று சொல்லும் இடத்தில் நுழைகிறது. பிரெடரிக் லிஸ்ட் என்னும் ஜெர்மானியப் பொருளாதார அறிஞர் 1841-இல் இதற்கு ஓர் உவமை சொன்னார். உச்சிக்கு ஏறியவன், தான் ஏறிய ஏணியை உதைத்துத் தள்ளிவிட்டு, கீழே நிற்பவனுக்கு உபதேசம் செய்கிறான் என்பது அவ்வுவமையின் கருத்து. ஏணியில் ஏறியதில் குற்றமில்லை, உதைத்ததிலே இருக்கிறது.

கதை அங்கேயும் முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் மெட்ராஸ் கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு ஒரு மோகம் உண்டாயிற்று. நம் நெசவாளர் கைத்தறியில் நெய்த அந்தத் துணி, துவைத்தால் சாயம் ஓடிற்று. ஒரு நிறம் மற்றொன்றோடு கலந்தது. சாயம் ஓடும் துணியை நம் ஊரில் கடைக்காரன் முகத்தில் எறிந்துவிட்டு வருவோம். அங்கே விளம்பரக் கலைஞர்கள் என்ன செய்தார்கள்? இந்தத் துணியின் சாயம் உறுதியாக ஓடும், ஒவ்வொரு துவையலிலும் புது நிறம் காட்டும் என்று அதையே பெருமையாக்கினார்கள். 1960-களில் அங்கே கல்லூரி இளைஞர்கள் அதை விரும்பி வாங்கி அணிந்தார்கள். எண்ணிப் பாருங்கள்: பதினேழாம் நூற்றாண்டில் சாயம் ஓடாது என்பதற்காக நம் துணியை விரும்பினார்கள், இருபதாம் நூற்றாண்டில் சாயம் ஓடுகிறது என்பதற்காக விரும்பினார்கள். இதற்குப் பிறகும் மோஸ்தருக்குக் காரணம் தேடுவோர் பொறுமைசாலிகள்.

அந்த மோகம் நிலவிய அதே ஆண்டுகளில், தடையில்லா வாணிகத்தை உலகுக்குப் போதித்த செல்வ நாடுகள், ஏழை நாடுகளின் பருத்தித் துணி தம் எல்லைக்குள் மிகுதியாக வராதபடி அளவு வரம்புகள் விதிக்க ஒப்பந்தம் செய்துகொண்டன. 1961-இல் குறுகிய கால ஏற்பாடு என்றார்கள்; 1962-இல் நெடுங்கால ஏற்பாடு என்றார்கள்; 1974-இல் செயற்கை இழைகளையும் சேர்த்து விரிவாக்கினார்கள். குறுகிய காலத்துக்கு என்று தொடங்கிய அந்த வரம்புகள் 2004-ஆம் ஆண்டின் முடிவில்தான் விலகின. நாற்பத்து மூன்று ஆண்டுகள்! அரசியல் அகராதியில் ‘தற்காலிகம்’ என்னும் சொல்லுக்கு உரிய பொருளை நீங்கள் இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

மோஸ்தரைப் பற்றி இன்னும் ஒரு சொல். நான் மாணவனாக இருந்த 1970-களில் காற்சட்டையின் அடி தெருவைக் கூட்டும் அளவுக்கு அகன்றிருந்தது. நான் ஆசிரியப் பணி ஏற்ற பின் அது குறுகி, காலைச் செலுத்த இடமில்லாதபடி ஆயிற்று. இப்போது முழங்காலில் கிழிந்திருந்தால் விலை கூடுதல் என்கிறார்கள். இதற்காக இளைஞரைக் கடிந்துகொள்ளும் பெரியவர்களை நான் அறிவேன். அவர்களுடைய பழைய நிழற்படங்களை எடுத்துப் பார்த்தால் கண்டனம் பாதியிலே நின்றுவிடும். தன் காலத்து மோஸ்தரைப் பண்பாடு என்றும், பிறர் காலத்துப் பண்பாட்டை மோஸ்தர் என்றும் சொல்வதும் மண்குட, பொன்குடக் கணக்கைச் சேர்ந்ததுதான். அதுமட்டுமா? அந்த முரட்டுக் காற்சட்டைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய டங்கரி என்ற பெயர், பம்பாயின் டோங்ரி என்னும் பகுதியில் விற்ற மட்டமான பருத்தித் துணியிலிருந்து சென்றது. கடல் கடந்துபோன உறவினன் புதுப்பெயர் பூண்டு திரும்பி வந்தால் அவனை அயலான் என்று எண்ணி நாம் வியக்கிறோம்.

ஆனால் மோஸ்தர் சிரித்துவிட்டுப் போகக்கூடிய செய்தி மட்டும் அன்று. அதன் அடியில் ஒரு குழித்தறி இருக்கிறது. அந்தக் குழிக்குள் கால் வைத்து அமர்ந்து, நாள் முழுவதும் நாடா எறிகிறவர் ஒருவர் இருக்கிறார். அருகில் அமர்ந்து தார் சுற்றித் தருகிறவள் அவர் மனைவி. அவளுடைய உழைப்புக்குப் பெரும்பாலும் தனிக் கூலி இல்லை. ஏதோ ஒரு நகரத்தில் யாரோ ஒருவர் இந்த நிறம் இனி வேண்டாம் என்றால், இங்கே ஒரு தறி நிற்கிறது. பாவு ஏற்றிய பின் நின்று போன தறியின் அமைதியைக் கேட்டவர்களுக்கு மோஸ்தர் என்பது விளையாட்டாகத் தோன்றாது.

அந்தத் தறிக்கு நாம் செய்கிற மரியாதையைப் பார்ப்போம். 1905 ஆகஸ்டு 7-ஆம் நாள் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கியதை நினைவுகூர்ந்து, 2015 முதல் ஆண்டுதோறும் அந்நாளைத் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடுகிறோம். முதல் விழா நம் சென்னையிலேயே நடந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கைத்தறியின் பெருமையைப் பேச வந்த சொற்பொழிவாளருக்குச் செயற்கை இழையால் நெய்த பளபளப்பான பொன்னாடை போர்த்துகின்ற கூட்டங்கள் உண்டு. அந்த ஒரு நாளில் கைத்தறி உடுத்திப் படம் எடுத்துக்கொண்டு, மற்ற நாட்களில் அதன் விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்களும் உண்டு. குறிப்பிட்ட சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்க 1985-இல் ஒரு சட்டம் செய்தோம். முதலில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. அந்தப் பதினொன்றையும் விசைத்தறியில் நெய்து கைத்தறி என்று பெயரிட்டு விற்பவர் அயல்நாட்டார் அல்லர். அதை அறிந்தும் மலிவு கருதி வாங்குபவரும் அயல்நாட்டார் அல்லர். மான்செஸ்டரைப் பற்றி வகுப்பில் காரசாரமாகக் கட்டுரை எழுதும் மாணவன், மாலையில் கடையில் நின்று எந்தத் துணியை எடுக்கிறான் என்பதையும் வரலாறு பார்த்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு பக்கத்தையும் ஒரே தராசில் நிறுத்த ஒருவரை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். 1921 செப்டம்பர் 22-இல் மதுரையில் அரையாடை பூண்ட காந்தியடிகள், பத்தாண்டுக்குப் பின் 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்காக இங்கிலாந்து சென்றபோது லங்காஷயரில் டார்வன் நகரப் பகுதிக்குச் சென்றார். அவர் நடத்திய அயல்துணி மறுப்பால் அங்கே ஆலைகள் மூடப்பட்டு, வேலையற்றோர் பலர் இருந்தனர். அவர் அங்கே போகாமல் இருந்திருக்கலாம். போனார். அவர்களுடைய துன்பத்தைப் பொய் என்று சொல்லவில்லை. தம்மால் அது உண்டானதை மறைக்கவுமில்லை. அதைவிடக் கொடிய வறுமை இந்தியாவின் சிற்றூர்களில் இருப்பதை எடுத்துச் சொன்னார். ஆலைத் தொழிலாளப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்து வரவேற்றார்கள். அந்தக் காட்சியின் நிழற்படம் இன்றும் இருக்கிறது. தம் வேலையைப் பறித்தவரை அவர்கள் ஏன் வாழ்த்தினார்கள்? தமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயம் என்று பேசாத ஒருவரை அவர்கள் கண்டார்கள் என்பதே நான் காணும் விடை.

மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் வாக்காளர் ஆவீர்கள். சிலர் அலுவலர் ஆவீர்கள்; சிலர் சட்டமும் செய்வீர்கள். நாள்தோறும் உங்கள் காதில் பல கொள்கைகள் வந்து விழும். அவற்றை ஆராய ஓர் எளிய வழி சொல்கிறேன். இலக்கண வகுப்பில் எழுவாயை மாற்றி வாக்கியம் அமைக்கச் சொல்வோம் அல்லவா? அரசியல் வாக்கியங்களிலும் எழுவாயை மாற்றிப் பாருங்கள். நம் கட்சி என்ற இடத்தில் எதிர்க்கட்சியை வையுங்கள்; நம் நாடு என்ற இடத்தில் அடுத்த நாட்டை வையுங்கள்; நான் என்ற இடத்தில் என் அண்டை வீட்டான் என்று வையுங்கள். பயனிலை அப்போதும் பொருந்தினால் அது கொள்கை. பொருந்தாமல் தொண்டையில் சிக்கினால் அது வெறும் வசதி. நடுவுநிலைமை என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், சான்றோருக்குத் துலாக்கோலை உவமை சொன்னார். துலாக்கோலுக்குக் கண் இல்லை. ஆகவே தட்டில் வைத்தவர் முகம் அதற்குத் தெரியாது. எடை மட்டுமே தெரியும்.

குடம் உடைந்தால், உடைந்தது மண்ணா பொன்னா என்று முதலில் ஓட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடைத்தவர் யார் என்பதை அதன் பிறகு கேளுங்கள்.